தைத்து மூடிய பக்கம்

போன வாரம் என் பக்கத்தை யாரோ தைத்து வைத்திருந்தார்கள்.

அலங்காரமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஊசி, நூல், தையல் மிஷின் வைத்து... இந்தப் பத்தி வருகிற பக்கத்தைத் தைத்து மூடியிருந்தார்கள்!

இடம், கரையான்சாவடியில் நஸீமாவின் பிளவுஸ் கடை. (பெயரை மாற்றியிருக்கிறேன். கடையையும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். தேடிப் போக வேண்டாம்.) நான் இருப்பது ஆவடியில். "ஏன், ஆவடியில டெய்லரே இல்லையா?" என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பார். ஆண்களுக்கு இது புரியாது. கழுத்தும் கையும் சரியாக வைத்துத் தைக்கத் தெரிந்த ஒருத்தி கிடைத்துவிட்டால், அவள் பெங்களூருக்குக் குடி போனாலும் பஸ் ஏறிப் போய்த் துணி கொடுப்போம். பூந்தமல்லிப் பக்கம் என்ன பெரிய தூரம்?

சின்னக் கடை. இரண்டு மிஷின், துணி வெட்ட ஒரு மேஜை, போட்டுப் பார்க்க ஒரு திரை மறைவு, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்ச். பெஞ்ச் மேல் எப்போதும் நம் பத்திரிகை கிடக்கும். இந்த வாரத்தது, போன வாரத்தது, அட்டை போன பழையது என்று ஒரு சின்ன அடுக்கு.

எழுதுகிறவளுக்கு அந்த பெஞ்சைவிட ஆபத்தான இடம் கிடையாது. வருகிற பெண்கள் நடுப்பக்கத்து நடிகையின் புடவையைப் பார்ப்பார்கள். கிசுகிசுவைப் பக்கத்தில் இருப்பவளுக்கும் சேர்த்து வாய்விட்டுப் படிப்பார்கள். என் பக்கம் வந்ததும் சர்ரென்று புரட்டிவிடுவார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டேன். வீட்டுக்கு வந்து அவர் மேல் எரிந்து விழுவேன்.

போன வாரம் பெஞ்சில் நான் மட்டும்தான். அந்த தைரியத்தில் புத்தகத்தை எடுத்து நேராக என் பக்கத்துக்குப் போனேன். (எழுதுகிற எல்லோரும் செய்வதுதான். செய்வதில்லை என்பவர்களை நம்பாதீர்கள்.)

பக்கம் திறக்கவில்லை. அச்சகத்தில் வெட்டாமல் விட்டுவிட்டார்களோ? நகத்தால் நெருடிப் பார்த்தேன். நூல்! மேலே, ஓரத்தில், கீழே... மூன்று பக்கமும் பிசிறில்லாமல் வெள்ளை நூலில் தையல். முந்தைய வாரப் புத்தகத்தை எடுத்தேன். அதிலும். அதற்கும் முந்தையது? அதிலும்.

"என்ன நஸீமா இது? என் எழுத்து அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனால், உள்ளே சுருக்கென்று இருந்தது.

மிஷினை நிறுத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ... அத்தப் பாத்துட்டீங்களாக்கா? நான் உங்க பக்கத்தத் தைக்கலக்கா. எதுத்தாப்ல கீதே, அத்தத்தான் தைச்சேன். கூட உங்க பக்கமும் மாட்டிக்கிச்சு."

எதிர்ப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

வெட்கமாக இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வாராவாரம் என் பக்கத்துக்கு நேர் எதிரில் இருப்பதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தையலின் மேல் விளிம்பில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. விரலால் விரித்து உள்ளே எட்டிப் பார்த்தேன்.

ஒரு குழந்தையின் கால். பிறந்த குழந்தையின் ரோஜா நிறப் பாதம். யாரோ ஒரு பெண்ணின் உள்ளங்கையில் அது பொதிந்து கிடந்தது. கீழே, 'உங்கள் வீட்டில் எப்போது இந்தக் கொலுசுச் சத்தம்?' என்று ஒரு வரி. அதற்கும் கீழே குழந்தைப்பேறு மருத்துவமனை ஒன்றின் விளம்பரம். பூந்தமல்லியில் ஞாயிற்றுக்கிழமை இலவச ஆலோசனை முகாமாம். தம்பதியாக வர வேண்டுமாம்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

நஸீமாவுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கணவர் சலீம், செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் சூப்பர்வைசர். குழந்தை இல்லை. பார்க்காத வைத்தியம் இல்லை. ஊசி, மாத்திரை, ஸ்கேன், மறுபடி ஊசி. கடைசி முறை தங்கியது. நாலாம் மாதம் போய்விட்டது. அப்போது இவளே பிழைத்து வந்தது பெரிய விஷயம்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரிலயே அவரு சொன்னாருக்கா. 'போதும் நஸீமா. நீ எனக்கு முழுசா இருந்தா போதும்'னு. அவரு அம்மா, மாமிகூட ஒண்ணும் பேசல. அதோட விட்டுட்டோம்."

வீட்டில் விட்டுவிட்டார்கள். கடையில்?

நம் பெண்களுக்கு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார முடியுமா? பிளவுஸுக்குக் கொக்கி வைக்கிற நேரத்துக்குள் எதிரில் இருப்பவளின் ஜாதகத்தைக் கேட்டுவிட மாட்டோமா? 'விசேஷம் ஒண்ணும் இல்லியா?' என்பதில்தான் ஆரம்பிக்கும். அப்புறம் கோயில், தர்கா, நாட்டு மருந்து, மச்சினிக்குப் பலித்த டாக்டர்...

"அளவு எடுக்கும்போது கேப்பாங்கக்கா. டேப்பு அவங்க இடுப்பச் சுத்திக் கீது. ரெண்டு முனையும் என் கைல கீது. நான் எங்க ஓடுவேன்?"

அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் நம் பத்திரிகை.

"புக்கு வாங்கிப் போட ஆரம்பிச்சேன். அவ்ளோதான்க்கா. யாரு யார டைவர்ஸ் பண்ணா, யாரு மூக்க ஆபரேஷன் பண்ணிக்கினா... அவங்க வாய்க்கு நடிகைங்களக் குடுத்துட்டேன். என்ன உட்டுட்டாங்க."

நானும் பல வருஷமாக இதில் எழுதுகிறேன். மக்கள் ஏன் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள் என்று பல மேடைகளில் பேசியிருக்கிறேன். ரசனை, பொழுதுபோக்கு, மொழி, மண்ணாங்கட்டி! ஒருத்தி தன் வயிற்றைப் பற்றி ஊர் பேசாமல் இருக்க, நடிகையின் வயிற்றைப் பற்றிப் பேசவிடுகிறாள். எனக்கு இது தோன்றியதே இல்லை. கேட்டபோது ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. மறுபக்கம், எங்கள் பத்திரிகை இவ்வளவு நல்ல காரியம் செய்கிறதே என்று ஒரு சின்னப் பெருமை.

பெருமை அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"இப்ப கொஞ்ச நாளா அந்தக் காலு வருதுக்கா. புக்கப் பாப்பாங்க. தலையத் தூக்கி என்னப் பாப்பாங்க. அப்புறம் புக்க என் மூஞ்சிக்கு நேரா நீட்டுவாங்க. 'இன்னா நஸீமா, இங்கதான கேம்ப்பு போடுறான், ஒரு எட்டு போயிட்டு வாயேன்'னு."

ஒரு வாடிக்கையாளர் அம்மா இன்னும் ஒரு படி மேலே போனார். விளம்பரத்தைப் போனில் படம் பிடித்து நஸீமாவின் மாமியாருக்கே அனுப்பிவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை. நல்லது செய்கிறோம் என்றுதான். நல்லது செய்கிறேன் என்று கிளம்பியவர்கள் கெடுத்த குடும்பங்கள்தான் நாட்டில் அதிகம்.

"மாமி திட்டுனாகூடத் தாங்கிப்பேன்க்கா. அழுவுறாங்க. அவரு கையப் புடிச்சுக்கினு, 'ஒரே ஒரு வாட்டி நைனா... நான் கண்ண மூடறதுக்குள்ள'ன்னு அழுவுறாங்க. அவரு எழுந்து வெளிய பூடுறாரு. ஏரிக் கரைல போய் உக்காந்துக்கினு கீறாரு."

"சலீம் என்ன சொல்றார்?"

நஸீமா பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் சொன்னாள். "முன்னல்லாம் மாமி ஆரம்பிச்சா, 'போதும்மா'ன்னு சொல்லுவாரு. இப்ப அந்த 'போதும்' வர மாட்டேங்குதுக்கா. இன்னொரு வாட்டின்னா என் உடம்பு தாங்காது. டாக்டரே சொல்லிட்டாரு. அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை வர மாட்டேங்குது."

புத்தகம் வாங்குவதை நிறுத்த வேண்டியதுதானே? நிறுத்தினால் பெஞ்சில் இருப்பவர்கள் வாய் சும்மா இருக்குமா? வேறு பத்திரிகை? வாங்கிப் பார்த்தாளாம். அதிலும் அதே கால். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டால்? கிழித்தால் பின்பக்கத்துக் கிசுகிசுவும் போய்விடும். அதற்காகத்தான் பாதிப் பேர் புத்தகத்தையே தொடுகிறார்கள். போதாததற்கு, கிழிந்த பக்கத்தைப் பார்த்தால் அதில் என்ன இருந்தது என்ற ஆராய்ச்சி வேறு ஆரம்பிக்கும்.

தையல்காரி என்ன செய்வாள்? தைத்துவிட்டாள்.

"உங்களது நான் படிச்சுடுவேன்க்கா," என்றாள் அவசரமாக. என் முகம் வாடியதைப் பார்த்திருக்க வேண்டும். "புக்கு வந்ததும், இந்தப் பக்கத்த ஒரு கையால மூடிக்கினு உங்களத மொதல்ல படிச்சுடுவேன். அப்புறம்தான் மிஷின்ல வெப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் வந்தது. அடுத்த நாளே பத்திரிகை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன். போகிற வழியெல்லாம் மனசுக்குள் வசனம் பேசிக்கொண்டே போனேன். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? விளம்பரம் வந்தது, போட்டார்கள். இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று எடுத்துச் சொன்னால் மாற்றிவிடப் போகிறார்கள். இதுதான் என் கணக்கு.

விளம்பரப் பிரிவில் கார்த்திக் என்று ஒரு பையன். முப்பது வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. "வாங்க மேடம், உங்க பக்கம் எங்க அம்மாவோட ஃபேவரைட்" என்று காபி வரவழைத்தான். விஷயத்தைச் சொன்னேன். அக்கறையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான்.

"மேடம், இவங்கதான் மஞ்சு."

திரையில் ஒரு பெண்ணின் படம். யார் இந்த மஞ்சு? நம் பத்திரிகையின் வாசகியாம். அப்படி ஒருத்தி கிடையாது, இவர்களே உண்டாக்கியது. வயது முப்பத்து நாலு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஏரியா. கல்யாணம் ஆனவள். சொந்தச் சம்பாத்தியம் கொஞ்சம் உண்டு. பியூட்டி பார்லரிலோ தையல் கடையிலோ உட்கார்ந்து படிப்பாள். எந்த சீரியல் பார்ப்பாள், ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பாள், எந்தக் கடையில் நகைச்சீட்டு போடுவாள்... எல்லாம் இருந்தது.

"ஊரை நாலா பிரிச்சிருக்கோம் மேடம். ஏரியாவுக்கு ஏத்த விளம்பரம். அடையாறுக்குப் போற இதழ்ல ஃபாரின் டூர் வரும். உங்க ஏரியா இதழ்ல மனை, இன்ஜினியரிங் காலேஜ், அப்புறம் இது."

வெளிநாட்டுப் பயணம் அவர்களுக்கு. ஏரிக்குப் பக்கத்தில் மனையும், எட்டாத குழந்தையும் எங்களுக்கு. ஆவடியில் குடியிருப்பதற்கு இப்படி ஒரு பலன் உண்டு என்று இத்தனை நாள் தெரியாது.

"சரிப்பா, அதை ஏன் என் பக்கத்துக்கு எதிர்ல போடறீங்க? வேற எங்கயாவது போடலாமில்ல?"

"ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டதே உங்க எதிர்ப் பக்கம்தான் மேடம். உங்க பக்கம் எமோஷனல் பேஜ். படிச்சு முடிச்சதும் மனசு இளகி இருக்கும். அப்ப கண்ணு வலது பக்கம் போகும் பாருங்க..." என்றவன் கொஞ்சம் உற்சாகமாகிவிட்டான். "உங்க பொண்ணோட பிரசவம் பத்தி எழுதினீங்களே, அந்த வாரம் அவங்களுக்குப் போன் குவிஞ்சுதாம்!"

காபி கசந்தது.

அந்த வாரம் ஆசிரியர் தானே போன் செய்து, "உங்க பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்கே, அதை எழுதுங்களேன், அழகா வரும்" என்றார். பிரியமாகத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். உருகி உருகி எழுதினேன். அதே இதழில் ஒரு நடிகையின் வளைகாப்புப் படங்கள், ஒரு டாக்டரின் கேள்வி-பதில். இப்போது சேர்த்துப் பார்த்தால் புரிகிறது. என் பேரன் பிறந்தது எனக்குச் சந்தோஷம். இவர்களுக்கு அது விளம்பரத்துக்குப் பொருத்தமான மேட்டர்.

கடைசி அஸ்திரமாகக் கேட்டேன். "கார்த்திக், உங்க மஞ்சுவுக்கு வாய், வயிறு, நகைச்சீட்டு எல்லாம் இருக்கு. அவளுக்கு மனசு வலிக்குமேன்னு யாராவது யோசிச்சீங்களா?"

"ஐயோ மேடம், அதுக்குத் தனியா ஒரு ஸ்லைடே இருக்கு!" என்று அடுத்ததைத் தட்டினான். 'மஞ்சுவின் வலிகள்' என்று தலைப்பு. அதன் கீழே மாமியாரின் ஏக்கம். கணவனின் மௌனம். அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்வி.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நஸீமா என்னிடம் சொன்னது எல்லாம் அங்கே இருந்தது.

தெரியாமல் செய்கிறார்கள் என்று நம்பித்தானே கிளம்பி வந்தேன்? தெரிந்துதான் செய்கிறார்கள். எங்கே வலிக்கும் என்று தேடிப் பார்த்து, அந்த இடத்தில் விரலை வைத்திருக்கிறார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவமனையை நான் குறை சொல்லவில்லை. அங்கே போய்க் குழந்தையோடு திரும்பியவர்கள் இருப்பார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். தேடிக்கொண்டிருப்பவளுக்கு அந்த விளம்பரம் ஒரு வழி. தேடி, தோற்று, உயிர் பிழைத்து, 'போதும்' என்று உட்கார்ந்திருப்பவளை எழுப்பி மறுபடி ஓடச் சொல்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். மஞ்சுவின் பட்டியலில் 'போதும்' என்று சொன்னவளுக்கு இடமே இல்லை. போதும் என்பவளிடம் யாரும் எதையும் விற்க முடியாதே.

"மாத்த முடியாதாப்பா?"

சங்கடமாக நெளிந்தான். "வருஷ ஒப்பந்தம் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க... பக்கத்தைக் குறைக்கணும்னு போன தடவை பேச்சு வந்தப்ப, உங்க பக்கம் தப்பிச்சதே எதிர்ல அது இருக்கறதாலதான்."

அப்படியா சேதி? அந்தக் குழந்தையின் காலில்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

எழுந்தேன். லிஃப்ட் வரை கூடவே வந்தான். நல்ல பிள்ளை என்று சொன்னேனே. தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

"மேடம், அந்த டெய்லரம்மா நம்பர் கிடைக்குமா? கிளையண்ட்கிட்ட சொல்லி, அவங்களுக்கு ஃப்ரீயா பாக்கச் சொல்றேன்."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. நல்லவேளை.

இந்த வாரம் பிளவுஸ் வாங்கப் போனேன். பெஞ்சில் இரண்டு பெண்கள் ஏதோ ஒரு நடிகையின் இரண்டாவது கல்யாணத்தைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். தையல் போட்ட பக்கம் வந்ததும் ஒருத்தி, "இதின்னா, ஒட்டிக்கினு கீது" என்று அப்படியே தள்ளிவிட்டுப் போனாள். நஸீமாவின் தையல் வேலை செய்கிறது. நான் ஜெயித்தது போல அவளைப் பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு சொன்னாள்.

"ஞாயித்துக்கெயம கேம்ப்புக்குப் போறோம்க்கா. 'சும்மா இன்னா சொல்றாங்கன்னு கேட்டுட்டு வந்துடலாம்'னு அவரே சொன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"அவரு சட்டைய அயர்ன் பண்ணி வெச்சேன்."

கடையில் பெஞ்ச் மேல் கிடந்ததைத் தைத்தாள். மாமியாரின் போனுக்குள் இருப்பதை எந்த நூலால் தைப்பாள்? புது பிளவுஸைத் திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்தேன். கழுத்து, கை, எல்லாம் கச்சிதம். கண்ணாடியில் என் முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

கிளம்பும்போது, "இதை எழுதட்டுமா நஸீமா?" என்று கேட்டேன். அலுவலகத்தில் ஏற்கனவே கேட்டாகிவிட்டது. தாராளமாக எழுதச் சொன்னார்கள். "ரொம்ப எமோஷனலா வரும் மேடம், நம்ம ஆடியன்ஸுக்குப் பிடிக்கும்" என்றார்கள். திட்டினாலும் அது அவர்களுக்கு மேட்டர்தான்.

நஸீமா யோசித்தாள். "பேர மட்டும் மாத்திடுங்கக்கா."

"கடைக்கு வர்றவங்க படிச்சுட்டுக் கண்டுபிடிச்சுட்டா?"

அப்போதுதான் சிரித்தாள். "என் கடைல யாரு படிக்கப் போறா? அதான் தைச்சுடுவேனே!"

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்திருக்கும். வெள்ளைச் சட்டையும் பர்தாவுமாக இரண்டு பேர் டோக்கன் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள், சலீம் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாரா... எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது.

நஸீமா, கையை எதிர்ப் பக்கத்து மேலயே வெச்சிருக்கியா? படிச்சு முடிச்சாச்சுன்னா... தைச்சுடும்மா. இந்த வாரம் ரெட்டைத் தையலாப் போடு.